சிலந்திக்குத் தீனி போட்டவள்

ஜூன் மாத மழையில் பூச்சி பிடிக்கப் போனவர்களுக்குத்தான் அந்தக் கொடுமை தெரியும். வெயிலடித்தால் வரப்பெல்லாம் துள்ளித் திரிகிற வெட்டுக்கிளி, நாலு தூறல் விழுந்ததும் எந்தப் பொந்துக்குள் போய் ஒளிகிறது என்று அதைப் படைத்தவனுக்கே தெரியாது. கினுயோவுக்குத் தெரியும். ஐம்பத்தெட்டு வயதில், மடக்கினால் நிமிராத முட்டியோடு, ரப்பர் பூட்ஸும் மழைக்கோட்டும் மாட்டிக்கொண்டு விடிகாலையில் வாய்க்கால் கரைக்குப் போவாள். புல்லைக் கோதுவாள், கொடிகளைக் குலுக்குவாள், சீமைப்பனிச்சை மரத்தின் இலைகளைப் புரட்டிப் பொன்வண்டு எடுப்பாள். கை முழுக்கக் கீறல். வீட்டில் இருபத்திரண்டு வாய்கள் காத்திருக்குமே, என்ன செய்வது?

இருபத்திரண்டும் சிலந்திகள். உடம்பில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட பெரிய சிலந்திகள். எல்லாமே பெண். இந்த இனத்தில் ஆண் நகக்கண் அளவுக்குத்தான் இருக்கும். ஒரு வேலைக்கும் உதவாது. ககோஷிமா வளைகுடாக் கரையில் இருக்கும் எங்கள் ஊரில் ஜூன் மூன்றாம் ஞாயிறு சிலந்திச் சண்டை. மே மாதமே காட்டிலிருந்து பிடித்துவந்து வீட்டுக்குள் விட்டுவிடுவோம். திரைச்சீலையில், உத்தரத்து மூலையில், துணி காயப்போடுகிற கொடியில் என்று அதுஅது இடம் பிடித்து வலை கட்டிக்கொள்ளும். விருந்தாளி வந்தால் தலையைக் குனிந்து வருவார். வலை அறுந்துவிடக் கூடாதே. சீசன் முடிகிறவரை ஜன்னலைத் துடைக்க மாட்டோம், திரையை இழுக்க மாட்டோம். வீடு மனிதர்களுடையது இல்லை.

இந்த "வோம்" எல்லாம் ஊர்ப்பேச்சுக்குத்தான். ஹமசாகி வீட்டில் அதைச் செய்வது கினுயோ ஒருத்தி. அவள் புருஷன் இவாவோ கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சிலந்தி வலைகளுக்குக் கீழே கால் நீட்டிப் படுத்து டிவி பார்ப்பான். போட்டி நாளன்று மட்டும் எழுந்திருப்பான். நீலச் சட்டை, தலையில் முறுக்கிக் கட்டிய துண்டு, கையில் வள்ளிக்கிழங்குச் சாராயம். மேடையில் சிலந்தியைக் கம்பில் ஏற்றியதும் ஒரு வாய் சாராயத்தை வாங்கி, அதன்மேல் பூவாகத் தூவுவதுபோல் "ப்பூ" என்று ஊதுவான். கூட்டம் கைதட்டும். "ஹமசாகி ஊதிட்டான்டா!" என்று விசில் பறக்கும். இருபத்தொரு வருடத்தில் ஆறு கோப்பை. ஆறிலும் அவன் பெயர்தான் செதுக்கியிருக்கிறது. அவற்றைத் துடைத்து வைப்பவளும் கினுயோதான்.

இதையெல்லாம் அவள் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. போன வருடம் வரைக்கும். போன வருடம் ஜெயித்த பிறகு ரேடியோவிலிருந்து ஒரு பெண் மைக்கோடு வந்தாள். சிலந்தியை எப்படி வளர்க்கிறீர்கள் என்று கேட்டாள். இவாவோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எல்லாம் நம்ம கைதாம்மா. குழந்தை மாதிரி பாத்துக்கணும். என் பொண்டாட்டியா? அவ சிலந்தியக் கண்டாலே அலறியடிச்சு ஓடுவா," என்றான். சுற்றி நின்ற நூறு பேரும் சிரித்தார்கள். கினுயோ அவனுக்குப் பின்னால் இரண்டடி தள்ளி, அவனுடைய சிலந்திப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு நின்றாள். கண்டால் அலறுகிறவளாம். அன்றைக்கு அவளுக்குள் பற்றிய தீ ஒரு வருடமாக அணையவில்லை. சோறு வடிக்கும்போதும் எரிந்தது, அவன் உள்ளாடையைத் துவைக்கும்போதும் எரிந்தது.

இந்த வருடம் மே கடைசியில் குடையை எடுத்துக்கொண்டு ஊர் மண்டபத்துக்குப் போய்த் தன் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள். சீட்டில் எழுதும்போது எழுத்து ஒவ்வொன்றையும் அழுத்தி எழுதினாள். ஹமசாகி கினுயோ. அந்தப் பெயரை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த மண்டபத்து ஒலிபெருக்கியில் கேட்டாக வேண்டும். கோப்பை வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும்.

போட்டிக்கு முந்தின நாள் சனிக்கிழமை மத்தியானம் குலுக்கல் முடிந்து இவாவோ வீட்டுக்கு வந்தான். செருப்பைக் கழற்றும்போதே கத்தல்.

"ஏய் கினுயோ! இங்க வா. எவனோ உன் பேரை வச்சு விளையாடியிருக்கான்."

"யாரும் விளையாடல. நான்தான் குடுத்தேன்."

"எதுக்கு?"

"எதுக்குக் குடுப்பாங்க? சிலந்தி விடத்தான்."

அவன் சிரித்த சிரிப்பில் உத்தரத்து வலையிலிருந்த சிலந்தி ஒன்று உடம்பைக் குலுக்கி ஆடியது. "நீயா? கம்புல ஏத்தவாவது தெரியுமாடி உனக்கு?"

"இத்தனை வருஷமா வலையில ஏத்துனவளுக்குக் கம்புல ஏத்தத் தெரியாதாக்கும்."

"மொதச் சுத்துலயே யாரு கூட மோதுறேன்னு தெரியுமா? என்கூட! ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். போன வருஷம் என் பொழப்பு சிரிப்பாச் சிரிச்சப்ப நீங்களும் சேந்துதானே சிரிச்சீங்க."

அவனுக்கு எதைச் சொல்கிறாள் என்றே புரியவில்லை. அதுதான் அவளை இன்னும் கொதிக்க வைத்தது. கோபக்காரனோடு சண்டை போடலாம். மறந்து போனவனோடு என்னத்தைப் போடுவது?

ஆளுக்கு மூன்று சிலந்தி. அதில் இரண்டு ஜெயித்தால் அடுத்த சுற்று. எதிரியின் பின்பக்கத்தைக் கடித்தாலோ, அது தொங்குகிற நூலைக் கத்தரித்துவிட்டாலோ வெற்றி. இவாவோ வீட்டைச் சுற்றி வந்து, சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குவதுபோல் விரலை நீட்டினான். "இது. அந்தா, கொடியில இருக்கே, அது. அப்புறம்..." சமையலறைக்குள் நுழைந்தான். கினுயோ பின்னாலேயே ஓடினாள்.

சமையலறை ஜன்னலில் இருந்தது ஏழுகாலி. மே மாதம் கிடைத்தபோதே அதற்கு ஒரு கால் இல்லை. பத்து நாள் எதையும் தின்னவில்லை. வலையில் எறிந்த பூச்சியையெல்லாம் கத்தரித்துக் கீழே தள்ளியது. செத்துவிடும் என்று நினைத்தாள். பிறகு ஒருநாள், வண்டின் தலையைக் கிள்ளிவிட்டு இடுக்கியால் பிடித்து அதன் வாயருகில் நீட்டிக்கொண்டே நின்றாள். அடுப்பில் சூப்பு கொதித்து வற்றிப்போனது. அரைமணி நேரம் கழித்து ஏழுகாலி முன்காலை நீட்டி வாங்கிக்கொண்டது. அன்றிலிருந்து அவள் கையால் கொடுத்தால்தான் வாங்கும். அசையாத பூச்சி ஆகாது. காலைப் பிடித்துக்கொண்டு இறக்கையை அடிக்க விட வேண்டும். அந்த ரீங்காரம் கேட்டதும் பாய்ந்து வந்து, பூச்சியைப் பின்னங்காலால் உருட்டி உருட்டி வெள்ளை நூலால் சுற்றிக் கட்டும் வேகம் இருக்கிறதே, வேறு எந்தச் சிலந்திக்கும் கிடையாது. அதைத்தான் தனக்கென்று வைத்திருந்தாள்.

"அது வேண்டாம். அது என்னோடது."

"என்னோடதாம்ல! வீடு யாருது?"

"உங்களுது."

"ஜன்னல்?"

"ஜன்னலும் உங்களுதுதான்."

"அப்புறமென்ன?"

"அது வயித்துக்குள்ள இருக்கே, அது யாரு பிடிச்சதுன்னு கேளுங்க."

கேட்க அவன் அங்கே இல்லை. சிலந்தியைப் பெட்டிக்குள் தட்டிவிட்டு மூடியும் போட்டாகிவிட்டது. குண்டாக இருந்ததால் எடுத்தான், அவ்வளவுதான். ஒரு கால் குறைவதைக்கூடப் பார்த்திருக்க மாட்டான்.

கினுயோ மிச்சமிருந்ததில் மூன்றைத் தேர்ந்தெடுத்தாள். மூன்றும் சிறியவை. ஆனால் மூன்றும் பசித்தவை. வெள்ளிக்கிழமையோடு எல்லாவற்றுக்கும் தீனியை நிறுத்திவிட்டாள். வருடா வருடம் அப்படித்தான். இரண்டு நாள் வயிறு காய்ந்தால்தான் சிலந்தி எதிரில் அசைவதையெல்லாம் இரையாகப் பார்க்கும், பாயும். வயிறு நிறைந்த சிலந்தி கம்பு நுனியில் நூலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு சும்மா கிடக்கும். இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முதல் நான்கு வருடத் தோல்வியில் கண்டுபிடித்தது. கண்டுபிடித்ததை அவனிடம் சொல்லவும் இல்லை. அவன் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் முகம் கழுவிவிட்டு வரும்போது முன்னறையில் சரசரப்பு கேட்டது. எட்டிப் பார்த்தாள். இவாவோ தன் மூன்று சிலந்திகளையும் பெட்டியிலிருந்து எடுத்துத் திரைச்சீலையில் ஏற்றி விட்டிருந்தான். மடியில் அவளுடைய பூச்சிக் கூண்டு. சண்டை முடிந்ததும் கொடுப்பதற்காக அவள் நேற்று மழையில் நனைந்து பிடித்த பொன்வண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊட்டிக்கொண்டிருந்தான். ஒன்றுக்கு இரண்டு வண்டு. ஏழுகாலி அவன் கையிலிருந்தும் வாங்கித் தின்றது. இரண்டு நாள் பட்டினி, பாவம், யார் கை என்று பார்க்குமா? அது இரண்டாவது வண்டைச் சுற்றிக்கொண்டிருந்தது.

இருபத்தொரு வருடத்தில் முதல் தடவையாக இன்றைக்குத்தான் அவன் சிலந்திக்குத் தீனி போடுகிறான். பெண்டாட்டி எதிராளியாகிவிட்டதால் தானே செய்தாக வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. போயும் போயும் இன்றைக்கு!

"ஏங்க, இன்னிக்கு வந்து..." என்று ஆரம்பித்தாள். உண்மையிலேயே சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள். ஏழுகாலிக்காக.

"என்ன இன்னிக்கு? நின்னு பாத்துக் கத்துக்கோ. சண்டைக்குப் போறவனை வெறும் வயித்தோடயா அனுப்புவாங்க? நீயெல்லாம் பேரைக் குடுத்துட்டா போதுமா?"

கினுயோ வாயை மூடிக்கொண்டாள். கத்துக்கோ என்கிறான். என் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு, நான் பிடித்த வண்டைக் கையில் வைத்துக்கொண்டு, என்னிடம் கத்துக்கோ என்கிறான். பல்லை நறநறவென்று கடித்தபடி சமையலறைக்குப் போய் அரிசி களைந்தாள். களைந்த வேகத்தில் பாதி அரிசி தொட்டியில் கொட்டியது. சொல்லியிருக்கலாமே என்று பிறகு ஒரு நொடிகூட அவள் வருந்தவில்லை.

மண்டபத்தில் கூட்டம் நெரிந்தது. நடுவில் ஆளுயரத்துக்கு ஒரு கம்பம், அதில் முழ நீளத்துக்கு ஒரு குறுக்குக் கம்பு. சுற்றிலும் நீலச் சட்டை போட்ட ஆண்கள். சுவரோரமாகத் தேநீர் மேசை, சோற்றுருண்டைத் தட்டுகள், அங்கே பெண்கள். நடுவர் தோகுமிட்சு வெற்றிலைக் காம்பு மாதிரி மெலிந்த மனிதர், அரிசி ஆலைக்காரர். சட்டைக் காலரில் ஒரு சின்ன மைக்கைக் குத்தியிருந்தார். அவருக்கும் மூன்று சிலந்தி உண்டு, பிற்பகல் ஆட்டத்தில்.

"அடுத்து! ஆறு கோப்பை நாயகன் ஹமசாகி இவாவோ!" நான்கு மூலை ஒலிபெருக்கியும் அதிர்ந்தன. "எதிர்த்து நிற்பது யாரு தெரியுமா? ஹமசாகி வீட்டம்மா!"

மண்டபமே கொல்லென்று சிரித்தது. "வீட்டுச் சண்டை வீதிக்கு வந்துருச்சுடோய்!" என்று எவனோ கத்தினான். "இவாவோ, தோத்தா ராத்திரி சோறு கிடையாது!"

"ஐயா, சீட்டுல பேரு இருக்கு," என்றாள் கினுயோ.

"அட, உங்களைத் தெரியாதவங்க யாரும்மா இருக்கா? ஏத்துங்க, ஏத்துங்க, நேரமாகுது."

அவளுக்குக் காது மடல் சுட்டது. தெரியுமாம். தெரிந்தால் சொல்ல வேண்டியதுதானே? ஆனால் கம்பின் நுனியில் அதற்குள் ஏழுகாலி தொங்கிக்கொண்டிருந்தது. இவாவோ ஒரு வாய் சாராயத்தை ஊதினான். கைதட்டல். கினுயோ தன் சிறிய சிலந்தியை விரலில் வாங்கிக் கம்பின் மறுமுனையில் விட்டாள்.

விட்டதுதான் தாமதம், அது ஓடியது. கம்பு அதிர்வதை ஏழுகாலி உணர்ந்திருக்க வேண்டும். ஒரு காலை மட்டும் தூக்கி, பிறகு சோம்பலாக இறக்கிக்கொண்டது. வயிறு விம்மிப் புடைத்திருந்தது. சின்னது அதன்மேல் ஏறி, பின்பக்கத்தில் நூலைச் சுற்றி, கடித்தது. தோகுமிட்சு சட்டென்று குச்சியை நுழைத்து இரண்டையும் பிரித்தார். கடித்த இடத்தில் ஒரு துளி நீர் முத்தாக நின்றது. கினுயோ தன் சிலந்தியை எடுக்கவில்லை. முதலில் ஏழுகாலியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். உயிர் இருந்தது. அவளுக்கு ஜெயித்த சந்தோஷம் ஒரு பொட்டுக்கூட இல்லை. அந்த வயிற்றைத் தொட்டுப் பார்த்தபோது புருஷனை ஒரு அறை விடலாம் போல இருந்தது.

இரண்டாவது ஆட்டம் அதைவிட மோசம். இவாவோவின் சிலந்தி சண்டைக்கே வரவில்லை. நூலை விட்டுக்கொண்டே கீழே இறங்கியது, தூங்கப் போகிறாற்போல. கினுயோவின் சிலந்தி மேலிருந்து அந்த நூலைக் கத்தரித்தது. தொப்பென்று விழுந்தது. இரண்டுக்குப் பூஜ்யம். 

இவாவோவின் முகம் சிவந்து கறுத்தது. துண்டை அவிழ்த்துத் தரையில் அடித்தான். "இது செல்லாது! தோகுமிட்சு, இது செல்லாதுய்யா! இவ என்னத்தையோ தீனி போட்டுக் கெடுத்து வச்சிருக்கா. என் சிலந்திய வேணும்னே மந்தமாக்கிட்டா!"

கினுயோ மெதுவாகத் திரும்பினாள்.

"என்ன சொன்னீங்க?"

"தீனி போட்டுக் கெடுத்துட்டன்னு சொன்னேன்!"

"யாரு தீனி போட்டா?"

"நீதான்டி! வேற யாரு?"

"இங்க வந்து சொல்லுங்க." அவனுடைய சட்டைக் கையைப் பிடித்துத் தோகுமிட்சுவின் காலருக்குப் பக்கத்தில் இழுத்தாள். நடுவர் பின்வாங்கப் பார்த்தார். கம்பம் முதுகில் இடித்தது. "சத்தமா, எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லுங்க. உங்க சிலந்திக்குத் தீனி போட்டது யாரு?"

இவாவோவின் கண் காலர் மைக்கில் விழுந்தது. எங்கே வந்து மாட்டிக்கொண்டோம் என்று அப்போதுதான் உறைத்தது.

"இருபத்தொரு வருஷமா யாரு போட்டா? மழையில போயி பூச்சி பிடிச்சது யாரு? ஆறு கோப்பைக்கும் தின்னக் குடுத்தது யாரு? சொல்லுங்க! வாயில சாராயம் இருக்கா, என்ன?"

"ஏய், ஊருக்கு முன்னால..."

"ஊருக்கு முன்னாலதானே கெடுத்துட்டேன்னு சொன்னீங்க? சரி, அதை விடுங்க. இன்னிக்குக் காலையில யாரு போட்டா?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "நான்... நான்தான். ரெண்டு வண்டு. பலத்துக்கு."

"காலையிலயா!" தேநீர் மேசையிலிருந்து ஒரு குரல் வீறிட்டது. "போட்டி நாளும் அதுவுமா?"

அவ்வளவுதான். சுவரோரம் பூராவும் சிரிப்பு வெடித்தது. ஒருத்தி தட்டைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இன்னொருத்தி பக்கத்தில் இருந்தவளின் தோளில் அடித்து அடித்துச் சிரித்தாள். கினுயோ சிரிக்கவில்லை. அவள் கண்ணில் பட்டது வேறு. பெண்கள் மட்டும்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நீலச் சட்டைக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு வண்டு கொடுத்ததில் என்ன தப்பு என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. முன்வரிசையில் ஒருவன் தன் பெட்டியைத் திறந்து சந்தேகத்தோடு உள்ளே பார்த்தான். அவன் பக்கத்தில் இருந்தவன் கழுத்தைத் திருப்பிச் சுவரோரமாகத் தன் மனைவியைத் தேடினான். பிறகு இன்னொருவன். வரிசை வரிசையாகத் தலைகள் பின்னால் திரும்பின.

தோகுமிட்சுவும் திரும்பினார். தேநீர் மேசையில் கெட்டிலோடு நின்ற தன் மனைவியைப் பார்த்து, ரகசியமாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு, "மிதோரி... நம்மது இன்னிக்கு எதுவும் தின்னுச்சா?" என்றார். காலர் மைக் அதை நான்கு ஒலிபெருக்கிக்கும் அனுப்பியது.

"வெள்ளிக்கிழமையோட நிறுத்தியாச்சு!" மிதோரி கெட்டிலைத் தூக்கிக் காட்டினாள். "நீங்க வாயை மூடிக்கிட்டுத் தீர்ப்பைச் சொல்லுங்க!"

தீர்ப்பைச் சொல்லிக்கொண்டே எப்படி வாயை மூடுவது என்று கேட்கிற நிலையில் அவர் இல்லை. தொண்டையைச் செருமினார். "வெற்றி... ஹமசாகி..." என்று ஆரம்பித்து, பழக்க தோஷத்தில் அடுத்த சொல் வராமல் நின்று, சட்டைப் பையில் சீட்டைத் தேடினார். எடுத்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"ஹமசாகி கினுயோ."

"கேக்கல," என்றாள் அவள்.

"ஹமசாகி கினுயோ!"

"அங்க கடைசியில நிக்கிறவங்களுக்குக் கேக்கல. இன்னொரு தடவை."

அவர் இன்னொரு தடவை சொன்னார். இவாவோ தரையில் கிடந்த துண்டைக் குனிந்து எடுத்து, எங்கே நிற்பது என்று தெரியாமல், அவளுக்குப் பின்னால் இரண்டடி தள்ளிப் போய் நின்றான். கினுயோ திரும்பிப் பார்க்காமலே தன் சிலந்திப் பெட்டிகளை அவன் கையில் கொடுத்தாள்.

"ஆட்டாம பிடிங்க," என்றாள்.